ஊருக்குப் பதினொருவர்: யாழ்ப்பாணத்து உதைபந்தாட்டத்தின் நாளை

ஓர் ஊரின் உடல்நலத்தை அறிய விரும்புவோர் அவ்வூர் வைத்தியசாலைக்குச் செல்வர்; செல்வநிலையை அறிய விரும்புவோர் சந்தைக்குச் செல்வர். அவ்வூரின் நாளையை அறிய விரும்புவோரோ மாலை ஐந்து மணிக்கு அதன் விளையாட்டுத் திடலுக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே எத்தனை இளைஞர் கூடுகின்றனர், எவ்வயதினர் கூடுகின்றனர், கூடியோர் என்ன செய்கின்றனர் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கிடைத்துவிட்டால், இருபது ஆண்டுகளின் பின்னர் அவ்வூர் எந்நிலையில் இருக்கும் என்பதை ஓரளவு கணித்துவிடலாம். உதைபந்தாட்டத்துக்கு ஓர் அணியிற் பதினொருவர் வேண்டும். இந்த எளிய எண்ணிக்கையே இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்கள் பலவற்றுக்குக் கடினமான கணக்காகி வருகின்றது.

குடாநாட்டுக் கழகங்களின் பெயர்களை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாலே அவற்றின் இயல்பு விளங்கும். குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் மேரிஸ், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல், மயிலங்காடு ஞானமுருகன், வதிரி டயமண்ட்ஸ். கடலும் கோயிலும் கல்லூரியும் ஆங்கிலேயர் காலத்து ஆடம்பரமும் இப்பெயர்களிலே கலந்து நிற்கின்றன. ஆயினும் ஒவ்வொரு பெயருக்கும் முன்னே நிற்பது ஓர் ஊரின் பெயர் அன்றோ? ஆட்டக்காரன் எவனும் சம்பளம் பெறுவதில்லை. பகலிலே தோட்டத்திலோ, கடலிலோ, கடையிலோ, கந்தோரிலோ உழைத்தவன் மாலையிற் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு தன் ஊருக்காக ஓடுகின்றான். வென்றால் ஊர் வெல்கின்றது. தோற்றால் ஊர் தலைகுனிகின்றது. வேறு பயன் ஏதும் அவன் கருதுவதில்லை.

இக்கட்டுரை நீர்வேலியிலிருந்து எழுதப்படுவது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியிலே, கோப்பாய்க்கும் சிறுப்பிட்டிக்கும் இடையில், செம்மண்ணும் வாழைத்தோட்டமுமாக விளங்கும் ஊர் இது. இப்பகுதியிற் பெரிதும் வேரூன்றியது கரப்பந்தாட்டம். நீர்வேலியிலும் புத்தூரிலும் ஆவரங்காலிலும் பந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது வலைக்கு மேலாகப் பறக்கும் பந்துதான். மேற்கே சில மைல் சென்றால் ஊரெழுவும் மயிலங்காடும் உதைபந்தாட்டத்துக்குப் பேர் போனவை. இரண்டுக்கும் இடையில் நின்று பார்ப்பவருக்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். கரப்பந்துக்கு அறுவர் போதும். உதைபந்துக்குப் பதினொருவர் வேண்டும். ஊரில் இளைஞர் தொகை குறையும்போது முதலில் தள்ளாடுவது பதினொருவர் ஆட்டமே. ஆகவே உதைபந்தாட்டத்தின் நிலையைப் பார்த்து மற்ற ஆட்டங்களும் பாடம் கற்றுக்கொள்ளலாம்.

நாம் நிற்கும் இடம்

பழம்பெருமை பேசுதல் நமக்குக் கைவந்த கலை. அதனைச் சற்றே ஒதுக்கிவைத்து இன்றைய நிலையை நோக்குவோம். 2021ஆம் ஆண்டிலே இலங்கையில் முதன்முறையாகத் தொழில்முறைச் சாயலோடு 'சூப்பர் லீக்' என்னும் தொடர் தொடங்கப்பட்டது. அதில் ஆடியவை பத்துக் கழகங்கள். கொழும்பைச் சார்ந்தவை பல. தரைப்படை, கடற்படை, வான்படை ஆகிய முப்படைகளின் அணிகள் மூன்று. களுத்துறை, வென்னப்புவை, மலைநாடு ஆகிய பகுதிகளைச் சார்ந்தவை சில. வடக்கைச் சேர்ந்த கழகம் ஒன்றேனும் அப்பட்டியலில் இல்லை. ஊர்தோறும் கழகம் வைத்திருக்கும் குடாநாடு, நாட்டின் முதற்றர மேடையிலே பார்வையாளர் வரிசையில் இருந்தது.

இதற்கு நம்முடைய குறை மட்டும் காரணமன்று. நாட்டின் உதைபந்தாட்டமே நோய்ப்பட்டுக் கிடந்தது. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைக் கைப்பற்றிய இலங்கை, 2023இல் உலகத் தரவரிசையில் இருநூறாம் இடத்துக்கும் கீழே இருந்தது. அதே ஆண்டு ஜனவரியில், சம்மேளன நிருவாகத்திற் பிறர் தலையீடு உண்டென்று கூறி உலக உதைபந்தாட்டச் சங்கமாகிய பீஃபா இலங்கையை இடைநிறுத்திற்று. ஆகஸ்ட் மாதத்திலேதான் தடை நீங்கியது. தலைநகரிலேயே இந்நிலையென்றால், அங்கிருந்து இருநூற்றைம்பது மைலுக்கு அப்பால் இருக்கும் ஊர்க்கழகத்தின் குரல் யார் செவியில் விழும்?

இருந்தும் நம்பிக்கைக்கு இடமில்லாமற் போகவில்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் அணியை எண்ணிப் பாருங்கள். போரினால் இடம்பெயர்ந்து அலைந்து மீண்ட கல்லூரி அது. அதன் மாணவியர் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளிற் பலமுறை கிண்ணம் வென்றனர். தேசிய அணிக்கும் சென்றனர். பெண்கள் பந்து உதைப்பதா என்று முகஞ்சுளித்தோர் வாழும் இதே மண்ணிலேதான் அது நிகழ்ந்தது. அங்கே நிகழ்ந்தது மாயமன்று. சிறுவயதிலே தொடங்கி, ஆண்டு தவறாது, ஒரே ஒழுங்கில் நடைபெற்ற பயிற்சி அது. அவ்வொழுங்கு ஓரிடத்தில் இயலுமெனின் ஏனைய இடங்களிலும் இயலும்.

தொகை குறைந்தது மெய். ஆயின் அதுவே காரணமா?

திடலில் ஆள் குறைவதற்குக் காரணம் கேட்டால், "பொடியள் எல்லாம் வெளியிலே போய்விட்டார்கள்" என்னும் விடை உடனே வரும். அதில் உண்மை உண்டு. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை ஏழு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 2012இல் அது ஆறு இலட்சத்துக்கும் குறைந்தது. பின்னரும் அதனை அண்டியே நிற்கின்றது. இடையில் நாட்டின் ஏனைய பகுதிகள் வளர்ந்தன, நாம் தேய்ந்தோம். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய உறுப்பினர் தொகை 2010இல் ஒன்பது, 2015இல் ஏழு, 2024இல் ஆறு. பாராளுமன்ற ஆசனத்தைக் குறைத்த அதே காரணந்தான் பந்தாட்ட அணியின் ஆசனத்தையும் குறைத்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவிற் பெயர்ந்து சென்ற இடப்பெயர்வு, போர் முடிந்த பின்னும் ஓயாத புலப்பெயர்வு, 2022இன் பொருளாதார நெருக்கடி என ஒன்றன்பின் ஒன்றாக வந்து இளையோரை வாரிக்கொண்டு போயின. அந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையிலிருந்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு சென்றனர். பதினெட்டு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டவனே நல்ல ஆட்டக்காரன். பயணம் போக நினைப்பவனும் அவனே.

ஆயினும், தொகையே யாவற்றையும் தீர்மானிக்குமாயின், நாம் வேறு சிலவற்றுக்கு விடை கூறவேண்டியிருக்கும். ஐஸ்லாந்து என்றொரு நாடு உண்டு. பனியும் எரிமலையும் நிறைந்த தீவு. 2016இல் ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்தை வெளியேற்றிக் காலிறுதிக்குச் சென்றது. 2018இல் உலகக் கிண்ணத்தில் ஆடியது. அன்று அதன் சனத்தொகை ஏறத்தாழ மூன்றரை இலட்சம். யாழ்ப்பாண மாவட்டத்திற் பாதிக்குச் சற்றே கூடிய தொகை! வெளியே ஆடமுடியாத குளிர்காலத்துக்காக அவர்கள் மூடிய அரங்குகளைக் கட்டினார்கள். தகுதிச் சான்று பெற்ற பயிற்றுநர்களை நூற்றுக்கணக்கில் உருவாக்கினார்கள். ஏழு வயதுச் சிறுவனுக்கும் முறையாகக் கற்ற பயிற்றுநரே பந்தைக் கொடுத்தார். நமக்கோ ஆண்டு முழுவதும் வெயில் உண்டு. ஆடுதற்கு அரங்கு வேண்டியதில்லை. அப்படியிருந்தும் ஏழு வயதுச் சிறுவனுக்குப் பந்து கொடுப்பவர் யார்?

அயர்லாந்திலிருந்து ஒரு கண்ணாடி

நமது நிலைக்கு இன்னும் நெருங்கிய உவமை அயர்லாந்தில் இருக்கின்றது. கேலிக் உதைபந்தாட்டம் என்பது அந்நாட்டினரின் சொந்த ஆட்டம். ஓர் அணிக்குப் பதினைவர். பந்தைக் காலாலும் உதைக்கலாம், கையாலும் ஏந்தலாம். 1884இல் அந்நிய ஆட்சியின் கீழ் இருந்தபோது, தம் பண்பாட்டைக் காக்கும் நோக்கோடு அவர்கள் நிறுவிய சங்கமே இன்றும் அதனை நடத்துகின்றது. உள்ளூர்க் கோயிற்பற்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கழகம். கழகங்களின் மேல் மாவட்ட அணி. எண்பதினாயிரம் பேர் கூடும் இறுதியாட்டத்தில் ஆடுபவனும் திங்கட்கிழமை காலையில் ஆசிரியனாகவோ கமக்காரனாகவோ வேலைக்குச் செல்கின்றான். ஊருக்காக ஊதியமின்றி ஆடும் ஆட்டம் என்பதால் நமது கழகங்களுக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். புலம்பெயர்வும் அவர்களுக்குப் புதிதன்று. கடல் கடந்த தம் மக்களுக்காக 1947ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தையே நியூயோர்க் நகரிற் கொண்டுபோய் நடத்தியவர்கள் அவர்கள்.

அங்கும் இன்று நம் கவலையே. நாட்டுப்புறத்து இளைஞர் தலைநகர் டப்ளினுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பெயர்கின்றனர். மேற்குக் கரையோரத்துச் சிறு கழகங்கள் பதினைந்து பேரைத் திரட்டத் திண்டாடுகின்றன. பதினான்கரை இலட்சம் மக்களும் பெரும் பணமும் கொண்ட டப்ளின் அணி 2015 முதல் 2020 வரை ஆறு முறை தொடர்ந்து அகில அயர்லாந்துக் கிண்ணத்தை வென்றபோது, இனி மற்றையோருக்கு இடமேயில்லை என்று பலரும் சலித்துக்கொண்டனர். ஆனால் நடந்தது என்ன? ஒன்றரை இலட்சம் மக்களே வாழும் கெரி என்னும் மேற்கு மாவட்டம் 2022இலும் 2025இலும் அக்கிண்ணத்தைத் தன் ஊருக்குக் கொண்டு சென்றது. 2025 வரை கெரி வென்றவை 39. டப்ளின் வென்றவை 31. தொகையும் பணமும் உதவும். ஆனால் அவையே முடிவு செய்வதில்லை. சிறுவர் ஆட்டத்தைப் பள்ளியும் கழகமும் ஒரு கடமையாக ஏற்றுக்கொண்ட இடத்திலே சிறிய நாடும் பெரிய நாட்டோடு தோள்சேர நிற்கும்.

சிறு கழகங்கள் பிழைப்பதற்கு அவர்கள் கண்ட வழி ஒன்றும் நம் கருத்துக்கு உரியது. பதினைவரைச் சேர்க்க இயலாத அயலூர்கள், சிறுவர் பிரிவுகளில் ஒன்றுசேர்ந்து ஒரே அணியாக ஆடுகின்றன. வளர்ந்தபின் ஒவ்வொருவனும் தன் ஊர்க் கழகத்துக்கே திரும்புகின்றான். ஊர்ப்பெயரும் அழியவில்லை, சிறுவனின் ஆட்டமும் நிற்கவில்லை.

கிண்ணம் பெருத்தது, ஆட்டம் சிறுத்தது

இக்கண்ணாடியிலே நம்மைப் பார்ப்போம். நம்மிடம் போட்டிகளுக்குக் குறைவில்லை. ஞாபகார்த்தக் கிண்ணங்கள், ஆலயத் திருவிழாவை ஒட்டிய கிண்ணங்கள், கழக நிறைவு விழாக் கிண்ணங்கள் என்று ஆண்டெல்லாம் அறிவித்தல்கள் வந்தவண்ணமே இருக்கின்றன. யாழ்ப்பாணம், வலிகாமம், பருத்தித்துறை எனத் தனித்தனி லீக்குகளும் உண்டு. அவை தத்தம் தொடர்களை நடத்துகின்றன. ஆயினும் ஆண்டின் பெரும்பகுதியை நிரப்புபவை விலகல் முறைப் போட்டிகளே. தோற்ற அணி அன்றே மூட்டையைக் கட்டவேண்டும்.

இங்கே சிறியதொரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. முப்பத்திரண்டு அணிகள் விலகல் முறையில் ஆடுகின்றன என்று கொள்வோம். பதினாறு அணிகள் ஒரேயோர் ஆட்டத்தோடு வீடு திரும்பும். இன்னும் எட்டு அணிகள் இரண்டு ஆட்டங்களோடு திரும்பும். ஐந்து ஆட்டங்களும் ஆடுபவை இறுதிக்குச் செல்லும் இரண்டே அணிகள். ஏற்கெனவே வல்லமை பெற்றவையும் அவையே. யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவருக்கு ஆட்டம் குறைவு. யாருக்குத் தேவை குறைவோ அவருக்கு ஆட்டம் அதிகம். எட்டு அணிகளை எடுத்துக்கொண்டாலும் நிலை அதுவே. விலகல் முறையில் மொத்தம் ஏழு ஆட்டங்கள். அதே எட்டு அணிகளும் ஒன்றையொன்று இருமுறை சந்திக்கும் சுற்றுமுறையில் ஆடினால் மொத்தம் ஐம்பத்தாறு ஆட்டங்கள்; ஒவ்வோர் அணிக்கும் பதினான்கு. முதல் ஆட்டத்திலே ஐந்து கோல் வாங்கித் தோற்ற அணிக்கும், பிழையை ஆராய்ந்து திருத்திக்கொள்ளப் பதின்மூன்று வாரம் எஞ்சியிருக்கும். ஆட்டக்காரன் உருவாவது அந்தப் பதின்மூன்று வாரங்களிலேதான்.

மற்றொன்று, அணிக்கு எழுவர், அணிக்கு ஒன்பதின்மர் என்று சுருங்கிவரும் போட்டிகள். மின்னொளியிலே இரவில் நடைபெறும் இவ்வாட்டங்கள் கண்ணுக்கு விருந்து. ஆள் குறைந்த கழகத்துக்கும் இவை ஆறுதல். அவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. சிறுவருக்கு எழுவர் ஆட்டமே ஏற்றது என்பதும் உண்மை. ஆனால் வளர்ந்தோர் அதனோடு நின்றுவிட்டால், அகன்ற திடலிலே தொண்ணூறு நிமிடம் மூச்சைப் பங்கிட்டு ஆடும் ஆற்றலும், பந்து இல்லாதபோது எங்கே நிற்பது என்னும் அறிவும் எங்கிருந்து வரும்? கொழும்பிலோ கண்டியிலோ பதினொருவர் ஆட்டத்துக்குச் செல்லும் நம் பிள்ளைகள் முற்பாதியிலே புலிபோற் பாய்ந்து பிற்பாதியிலே தளர்ந்து போதற்குக் காரணம் உணவுக் குறையோ உள்ளக் குறையோ அன்று, பழக்கக் குறையே.

பணம் வருகின்றது, எங்கே போகின்றது?

பணமில்லை என்று சொல்ல நமக்கு வாயில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் வாழும் ஊரவர், பனியிலும் குளிரிலும் உழைத்த காசை ஊர்க் கழகத்துக்கு அனுப்புகின்றனர். அந்த அன்புக்கு ஈடில்லை. ஆனால் அப்பணம் பெரும்பாலும் என்னவாகின்றது? ஆளுயரக் கிண்ணமாகின்றது, பரிசுத் தொகையாகின்றது, பெயர் பொறித்த சீருடையாகின்றது, ஒலிபெருக்கியாகவும் மின்விளக்காகவும் மாறி ஒரே வாரத்தில் எரிந்து தீர்கின்றது. அதில் ஒரு பகுதியேனும், சான்றிதழ் பெற்ற பயிற்றுநர் ஒருவருக்கு மாதச் சம்பளமாகுமாயின், அயலூர்கள் மூன்றின் சிறுவர் யாவரும் ஆண்டு முழுவதும் பயன் பெறுவரே! கிண்ணம் கண்ணாடி அலுமாரியில் உறங்கும். பயிற்றுநர் விதைத்தது அடுத்த தலைமுறையிலும் முளைக்கும்.

புலம்பெயர்ந்தோர் தருவது பணம் மட்டுமன்று; ஆட்டக்காரரையும் தரலாம். 2025 ஒக்டோபரில் கேப் வேர்டே என்னும் சிறுதீவுக் கூட்டம், ஏறத்தாழ ஐந்தேகால் இலட்சம் மக்களோடு, 2026ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. அடுத்த மாதமே ஒன்றரை இலட்சம் மக்களைக் கொண்ட குராசோ தகுதி பெற்று, அதுவரை அவ்வாறு தகுதி பெற்ற நாடுகளுள் மிகச் சிறியது என்னும் பெயரையும் எடுத்தது. இவ்விரு நாடுகளும் போர்த்துக்கல், ஒல்லாந்து முதலிய நாடுகளிற் பிறந்து வளர்ந்த தம் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொண்டன. கேப் வேர்டேயின் பின்காவலர் ஒருவர் அயர்லாந்துத் தலைநகரிலே பிறந்தவர்! இலங்கையின் தேசிய அணியும் அண்மையில் இவ்வழியைப் பின்பற்றி, 2024 செப்டெம்பரிலே கம்போடியாவைத் தண்ட உதையில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் முன்னேறியது. புலம்பெயர்ந்த நம் இளைஞர் 2014இல் சுவீடனிலும் 2018இல் லண்டனிலும் நடைபெற்ற, பீஃபாவிற் சேராதோர் உலகக் கிண்ணப் போட்டிகளில் 'தமிழீழம்' என்னும் பெயரில் ஓர் அணியாக ஆடியதையும் வாசகர் அறிவர்.

ஆனால் இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்று வேண்டும். வெளியிலிருந்து வரும் ஆட்டக்காரன் தேசிய அணியை உயர்த்தலாம்; ஊர்க் கழகத்தை உயர்த்த அவனால் இயலாது. ஊர்க் கழகம் ஊரிலே பிறந்த சிறுவனாலேதான் உயிர் வாழும்.

திடலும் பெயரும்

ஆட்டத்துக்குத் திடல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. போரினாலே 1997 முதல் பயனற்றுக் கிடந்த துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியோடு புதுக்கப்பட்டு 2016 ஜூனில் மீண்டும் திறக்கப்பட்டது. அது நமக்குக் கிடைத்த பேறு. ஆயினும் நகரத்து அரங்கு ஒன்று நூறு ஊர்களின் மாலைப்பொழுதுக்கு ஈடாகாது. இறுதியாட்டத்துக்கு வேண்டியது அரங்கு. இறுதியாட்டக்காரனை உருவாக்க வேண்டியது ஊர்த்திடல்.

துடுப்பாட்டத்தில் நிகழ்ந்ததையும் இங்கே ஒப்பு நோக்கலாம். லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 2020 முதல் 2024 வரையிலான ஐந்து தொடர்களில் நான்கில் வென்றது. கேட்கவே மகிழ்ச்சி. ஆனால் அத்தொடர்களின் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாண மண்ணில் நடைபெறவில்லை. அவ்வணியில் இடம்பெற்ற நம் மண்ணின் பிள்ளைகளும் விரல்விட்டு எண்ணத்தக்கோரே. அவர்களுள் விஜயகாந்த் வியாஸ்காந்த் தம் முயற்சியால் 2024இல் இந்தியாவின் ஐ.பி.எல். தொடர்வரை சென்றது நமக்குப் பெருமை. 2025 செப்டெம்பரில் மண்டைதீவிலே சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டது. ஆயினும் பெயர் நம்முடையது, ஆட்டம் பிறருடையது என்னும் நிலை வெற்றியாகுமா? உதைபந்தாட்டத்திலும் நாளை பணம் படைத்த ஒருவர் வந்து, யாழ்ப்பாணத்தின் பெயரை வைத்து, வேற்றிடத்து வீரரைக் கொண்டு ஒரு கிண்ணத்தை வென்றுவிடலாம். அந்நாளிலும் ஊரெழுவிலும் நாவாந்துறையிலும் திடல் வெறிச்சோடிக் கிடக்குமாயின், அந்தக் கிண்ணத்தால் நமக்கு வரும் நன்மை யாது?

சொல்லத் தயங்கும் ஒன்று

அயலூர்கள் ஒன்றுசேர்தல் வேண்டும் என்று மேலே கூறினோம். சொல்வது எளிது. நம் ஊர்கள் குறிச்சிகளாகப் பிரிந்தவை. குறிச்சிக்கொரு கழகம், கழகத்துக்கொரு கொடி. குறிச்சி எல்லை பல இடங்களிற் சாதி எல்லையுமாக இருப்பதை யாவரும் அறிவர், எழுதுவோர் சிலரே. ஒரே ஊரில் இரண்டு மூன்று கழகங்கள் இருந்தும், ஒன்றிலும் பதினொருவர் நிறைவதில்லை. ஒரு கழகத்திற் காப்பாளன் இருப்பான், கோல் அடிப்பவன் இல்லை. வீதிக்கு அப்பாலுள்ள கழகத்திற் கோல் அடிப்பவன் இருப்பான், காப்பாளன் இல்லை. இருவரும் ஒரே பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களாயினும் ஒரே அணியில் ஆடமாட்டார்கள். இந்த ஆடம்பரத்தைத் தாங்குவதற்கு முன்னொருகால் நம்மிடம் ஆள் இருந்தது, இன்று இல்லை.

இதற்கு எதிராக ஒரு வாதம் எழும். "எங்கள் கழகம் எங்கள் மானம். பெரிய கழகத்தோடு சேர்ந்தால் எங்கள் பிள்ளைகள் ஓரத்திலே உட்கார்த்தி வைக்கப்படுவார்கள்" என்பர். இவ்வச்சம் வீணானதன்று. ஒதுக்கப்பட்டவர்கள் தமக்கெனக் கழகம் அமைத்துத் தலைநிமிர்ந்த வரலாறு இம்மண்ணில் உண்டு. அக்கழகங்களைக் கலைத்துவிடுங்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆகவேதான் கழகங்களை இணைக்கும்படி நாம் கேட்கவில்லை. வளர்ந்தோர் அணிகள் தத்தம் பெயரோடும் கொடியோடும் விளங்கட்டும். பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு வயதுக்குட்பட்டோர் மட்டும் அயற்கழகங்கள் கூடி அமைத்த ஓரணியில், நடுநிலையான பயிற்றுநரின் கீழ் ஆடட்டும். அவ்வணிக்கு எக்குறிச்சியின் பெயரும் வேண்டாம். பாடசாலைத் திடலே அவர்களின் பொதுத்திடலாகட்டும். பன்னிரண்டு வயதிலே ஒருவன் தந்த பந்தை மற்றவன் கோலாக்கிப் பழகிவிட்டால், இருபது வயதில் எதிரெதிர் அணிகளில் நின்றாலும் அவர்களிடையே பகை முளைப்பது கடினம். போட்டித்திறனுக்காகத் தொடங்கும் இம்முயற்சி ஊருக்கு வேறொரு நன்மையையும் உடன் கொண்டுவரும்.

செய்யத்தக்கன

ஆகவே வேண்டுவன நான்கே. முதலாவது, லீக்குகள் தம் ஆண்டின் முதுகெலும்பாகச் சுற்றுமுறைத் தொடரை அமைத்து, கிண்ணப் போட்டிகளை அதற்கு இடையூறின்றி வகுத்துக்கொள்ளல். இரண்டாவது, ஒரு கிண்ணத்துக்குப் பணம் தருபவர் அதே அளவு பணத்தைச் சிறுவர் பயிற்சிக்கும் தருதல் வேண்டும் என்பதை ஒரு வழக்கமாக்கல். மூன்றாவது, சிறுவர் பிரிவுகளில் அயலூர் அணிகளை அனுமதித்தல். நான்காவது, மகாஜனாவின் மாணவியர் காட்டிய வழியில், ஒவ்வொரு கழகமும் பெண்பிள்ளைகளுக்கும் திடலைத் திறந்துவிடல். ஊரில் இருக்கும் பிள்ளைகளிற் பாதிப்பேரை வெளியே நிறுத்திவைத்துக்கொண்டு ஆளில்லை என்று புலம்புதல் அறிவுடைமையாகாது.

இவற்றுள் ஒன்றுக்கேனும் கொழும்பின் அனுமதியோ கோடிக்கணக்கான பணமோ தேவையில்லை. தேவையானது மனம் மட்டுமே. இவை யாவும் நிறைவேறினாலும் இளைஞர் வெளிநாடு செல்வது நின்றுவிடாது. பந்து ஒன்றினால் ஒரு நாட்டின் பொருளாதாரத்தைத் திருத்த இயலாது. ஆனால் பதினாறு வயதுவரை நன்றாக ஆடிய பத்துப் பேரில் அறுவர் சென்றாலும் நால்வர் எஞ்சுவர். ஒழுங்காக ஆடாத பத்துப் பேரில் எவர் எஞ்சினாலும் அணிக்குப் பயனில்லை. சென்ற அறுவரும், ஊரிலே தாம் பெற்ற பயிற்சியை நினைந்து, அடுத்தவனுக்குக் கைகொடுப்பர்.

நீர்வேலித் தோட்டக்காரனுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வாழை ஒருமுறைதான் குலை ஈனும். குலையை வெட்டும் நாளிலே அடியில் நிற்கும் கன்றைப் பார்த்து வைத்தவனுக்கே மறு ஆண்டும் குலை உண்டு. குலையின் அழகிலே மயங்கிக் கன்றை மிதித்தவனுக்குத் தோட்டம் வெறுந்தரையாகும். நம் கழகங்கள் இதுவரை வெட்டிய குலைகள் அழகானவை. அவற்றைப் பாடிப் புகழ்வோம். ஆனால் இன்று மாலை ஐந்து மணிக்குத் திடலோரத்திலே, பெரியவர் ஆடி முடிக்கும்வரை, பழைய பந்தொன்றோடு காத்து நிற்கும் சிறுவனே அடுத்த கன்று. அவனுக்கு இடம் விடுவோமாக.